பூனைலாரி

கூரியர் பெட்டிக்குள் வைக்கோல்,
வைக்கோலுக்குள் ஒரு பாட்டில்.
கழுத்தில் நூல் கட்டித் தொங்கியது சீட்டு:
இதே சிவப்பு. நாற்பதாயிரம் பீஸ். நவம்பர் கப்பல்.

குடிக்க அனுப்பியதில்லை என்று
சென்னியப்பன் மாஸ்டருக்கு
இரண்டு தரம் படித்துக்காட்ட வேண்டியிருந்தது.

ப்ரூனலார் என்றிருந்தது லேபிளில்.
அது ஒரு திராட்சைங்க, என்றார்
பையிங் ஹவுஸ் அருள்முருகு போனில்.
பிரான்ஸிலயே பாதிப்பேருக்குத் தெரியாதாம்.
கொடியெல்லாம் பிடுங்கிட்டு வேற நட்டுட்டாங்க.
நம்ம பையரோட மாமனார் மட்டும்
நாலு வரிசை விட்டுவெச்சிருக்காராம்,
வருசத்துக்கு முந்நூறு பாட்டில்.

அதில் ஒன்று
திருப்பூர் வீரபாண்டிப் பிரிவில்
சாயப்பட்டறை லேபில்
உப்பு டப்பாவுக்கும் சோடா டப்பாவுக்கும் நடுவில்.

கார்க்கைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை.
மெக்கானிக் பையன் மரை ஆணியும் குறடும் கொண்டுவந்தான்.
பாதி உடைந்து உள்ளே விழுந்தது.
பனியன் துணியில் வடிகட்டினேன்,
பீக்கரில் நூறு மில்லி.

லைட் பாக்ஸில் வைத்தால்
பகல் விளக்குக்கு நாவல்பழம்.
கடை விளக்குக்கு மாற்றினால்
சூளையில் வெந்த செங்கல்.
வீட்டு விளக்கில் வேறொன்று,
அதற்கு என்னிடம் பெயரில்லை.
இதே சிவப்பு என்றால்
எந்தச் சிவப்புங்க?

ஏ முதல் எஃப் வரை ஆறு துணி நறுக்கு போயின.
ஆறுக்கும் ஒரே பதில்:
நிறம் சரி, உயிர் இல்லை.

ஒரு மதியம் வெள்ளைத் துணியை
அந்தத் திராட்சையிலேயே முக்கினேன்.
வெளிர் ஊதாவாகப் பிடித்தது.
வழக்கப்படி சோடாவில் போட்டதும்
நீலமாகி, பச்சையாகி,
நொய்யல் பாலத்தடியில் நிற்குமே
அந்தச் சாம்பலுக்கு வந்து நின்றது.
சோடா ஆகாது போல அம்மிணி, என்றார் மாஸ்டர்,
சம்பந்தி வீட்டுச் சங்கதி பேசுவதுபோல.

அதோடு பாட்டிலும் சும்மா இல்லை.
தினம் கொஞ்சம் துருவேறிக்கொண்டிருந்தது ஓரத்தில்.
ஸ்டாண்டர்டு நகர்ந்துகொண்டே போக
நான் பின்னாலேயே
பிப்பெட்டோடு ஓடினேன்.

ஐந்தாம் நாள், ஷிப்ட் முடிந்து ஆளில்லாதபோது,
வீணாகத்தானே போகிறது என்று
ஒரு வாய்.
களாக்காயை மிளகோடு மென்ற புளிப்பு.
பிறகு, தாராபுரம் போகும் வழியில்
புகையிலை உலர்த்தும் கொட்டகை வாசம்.
கடைசியில் வாழைப்பூத் துவர்ப்பு வந்து
வாயைச் சாத்திக்கொண்டது.

கைகழுவுமிடத்துக் கண்ணாடியில்
நாக்கை நீட்டிப் பார்த்தேன்.

அடக் கெரகமே.
இதுதான்.

சின்னக் கண்ணாடியை லைட் பாக்ஸுக்குள் சாய்த்து
நாக்கு நீட்டியபடி, எச்சில் ஒழுக ஒழுக,
எழுதினேன்:
சிவப்பு இரண்டு புள்ளி எட்டு,
நீலம் கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே,
மஞ்சள் பேருக்கு.
நிறம் மங்கினால் இன்னொரு வாய்.
மொத்தம் நான்கு வாய்.

கம்பெனி பஸ்ஸில் கிராம்பு மென்றுகொண்டே வந்தேன்.
பல்வலியா, என்றாள் மயிலாத்தா.
வாய் திறக்காமல்
ஆமாம் என்று தலையாட்டினேன்.

எச் நறுக்குக்குத்தான் ஓகே வந்தது.
மாமனார் துணியை மோந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.

ஷேடு நோட்டில் நறுக்கை ஒட்டினேன்.
ஸ்டாண்டர்டு எங்கிருந்து என்ற கட்டத்தில்
பாட்டில் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

மீதியை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்
பித்தளை அண்டா தேய்த்தாராம்.
புளியைவிட நல்லாப் போகுது அம்மிணி,
இன்னொண்ணு வருமா?

கட்டிங்கில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.
பூனைலாரி ஆக்கிவிட்டார்கள்.
பூனைலாரி எக்ஸெல் எத்தனை கட்டு?
பூனைலாரில ஒண்ணு ஓட்டை, ஒதுக்கி வை.

நாற்பதாயிரம் பேர்.
முன்னும் பின்னும், இரண்டு கைக்கும்,
என் நாக்கு.